நிறைஞ்சிருக்கு

சில வீடுகளில் சில வார்த்தைகளுக்கு உள்ளே வர அனுமதி இல்லை, கண்ணுகளா. நான் சொல்லப்போகிற மெக்கானிக் வீட்டில் "தீர்ந்துபோச்சு" என்ற வார்த்தை வாசலோடு சரி. உப்பு ஜாடி காலியானால், "உப்பு நிறைஞ்சிருக்கு" என்பாள் அவர் மனைவி. அரிசி டப்பாவில் அடித்தகரம் தெரிந்தால், "அரிசி நிறைஞ்சிருக்கு." மஞ்சளுக்கும் அப்படித்தான். கைவளையல் உடைந்தால்கூட "பெருகிடுச்சு" என்றுதான் அவள் வாயில் வரும். இல்லை இல்லை என்று சொல்கிற வாயைத் தேடிக்கொண்டு இல்லாமை வந்து சேரும் என்பது அவள் தாய்ப்பாலோடு குடித்த பாடம். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கேட்கிறவர்களுக்கு அர்த்தம் தெரியும். அவள் சொன்னதும் மெக்கானிக் பையை உதறி எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். "எங்க வீட்டுல எல்லாம் நிறைஞ்சிருக்கிற அன்னிக்குத்தான் நாங்க பட்டினி" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்.

மெக்கானிக் என்றால் தண்ணீர் பம்பு மெக்கானிக். கிணற்று மோட்டாரோ மாடித் தொட்டி பம்போ, எது இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வயதாகி வேலையை விட்ட பிறகு அவர் நெஞ்சுக்குள்ளேயே ஒரு வால்வு பழுதாயிற்று. அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் சட்டைக்குள்ளிருந்து டிக், டிக் என்று கைக்கடிகாரம் மாதிரி சத்தம் கேட்கும். "சர்வீஸுக்கு வெளி ஆள் வேணாம், நானே பாத்துக்குவேன்" என்பார்.

அந்த வால்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ரத்தம் அதில் உறைந்து ஒட்டாமல் இருக்க, நாள் தவறாமல் ஒரு மாத்திரை. "சோறு மறந்தாலும் இதை மறக்கக் கூடாது" என்று மருத்துவர் மனைவியிடமும் சொன்னார், மகனிடமும் சொன்னார். யாரும் மறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

அவர்களுக்கு ஒரே மகன். வேறு ஊரில் வேலை. மருமகள் கல்யாணமான நாளிலிருந்து தனிக்குடித்தனம். நல்ல பெண், மாமியாரோடு நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை, அவ்வளவுதான். அப்பா தேறி நடமாட ஆரம்பித்ததும் மகனுக்கு ஒரு ஆசை. "ஆயுசு முழுக்க பம்பு ரூமைத்தானே பாத்தீங்க. கடல் தாண்டி ஒரு ஊரைப் பாருங்கப்பா" என்று நால்வருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். பயணத்துக்கு முன்பே ஒரு நீல நிற பிஸ்கட் டின் நிறைய மாத்திரை அட்டைகளை வாங்கி அடைத்து, அம்மா கையில் கொடுத்தான்.

"அம்மா, இது அப்பாவோட உசிரு. கைப்பையிலயே இருக்கட்டும்."

அவள் பெட்டி கட்ட உட்கார்ந்தபோது கைப்பை மூட மறுத்தது. துவரம்பருப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எல்லாம் உள்ளே போயாகிவிட்டது. புளி மட்டும் வெளியே. போகிற தேசத்தில் புளி என்றால் என்னவென்று தெரியுமோ தெரியாதோ. நீல டின்னைத் திறந்து பார்த்தாள். பயணம் கொஞ்ச நாள், மாத்திரை ஒரு வருஷத்துக்கு. விரல் மடக்கி எண்ணி, போகிற நாளுக்கும் வருகிற நாளுக்கும் கூடச் சேர்த்து எடுத்து வைத்தாள். மிச்சத்தை அலமாரியில் பத்திரமாக அடுக்கினாள். டின்னில் கிடைத்த இடத்தில் புளி உருண்டைகளை அமுக்கி மூடினாள்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "மாத்திரை டப்பாவுல புளியா? நல்லதாப் போச்சு. வாய்க்கு ருசியா இருக்கும்."

"உங்க பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க. புளிக்காகவான்னு கத்துவான்."

அவள் எண்ணிக்கையில் பிசகில்லை. அந்தப் பாவத்தை அவள் தலையில் போடாதீர்கள்.

அங்கே வாடகைக்கு எடுத்த வீடு ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய சமையலறை. ஜன்னலைத் திறந்தால் கடல் வாசனை. தரை ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும். மெக்கானிக் வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்து மருமகளைச் சிரிக்க வைத்தார். பகலெல்லாம் சுற்றினார்கள். கடற்கரையில் ஒரு பெரிய நீரூற்று இருந்தது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள், அவர் மட்டும் குனிந்து மோட்டாரைத் தேடினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவர் மனைவி பார்த்ததே இல்லை.

கிளம்ப வேண்டிய நாளன்று புயல் வந்தது. விமானங்கள் ரத்து. எப்போது பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. மகன் தொலைபேசியும் கையுமாகக் கூண்டுப் புலி மாதிரி நடந்தான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடா," என்றார் மெக்கானிக். "நாம மேல இருக்கிறப்போ காத்து அடிச்சிருந்தா என்ன பண்ணுவே?"

வீட்டு வாடகையை நீட்டித்தார்கள். கொண்டுவந்த மளிகை அடிமட்டத்துக்கு வந்தது. கூடுதலாக எடுத்துவைத்த மாத்திரைகளும் அப்படித்தான். கடைசி அட்டையின் கடைசிக் குழி காலியான அன்று அவள் அவரைப் பார்த்தாள். "பையன்கிட்ட சொல்லிடு. அவன் வாங்கிட்டு வருவான்," என்றார் அவர். சொல்லலாம் என்று அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், மழை விட்ட நேரம் பார்த்து மகனும் மருமகளும் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அது ஒரு பெரிய கடை, கண்ணுகளா. ஒரு மூலையில் நின்றால் மறு மூலை தெரியாது. ஒரு பக்கம் பழம், ஒரு பக்கம் பாத்திரம், கடைசியில் பச்சைச் சிலுவை விளக்கெரிய ஒரு மருந்துப் பகுதி. நடுவில், வெளிநாட்டுச் சாமான் என்று ஒதுக்கியிருந்த அடுக்கின் முன்னால் மகன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏய், இங்க வா! இங்க பாரு, யாருன்னு!"

கையில் முறத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், மஞ்சள் பையில். அவன் பிறந்ததிலிருந்து அவர்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிற அதே துவரம்பருப்பு. அவர்கள் வீட்டில் அவளுக்கு முறத்தக்கா என்று பெயர். சின்ன வயதில் சோறு ஊட்டும்போது, சாப்பிடாவிட்டால் முறத்தக்கா வந்து புடைத்துவிடுவாள் என்று மிரட்டுவாள் அம்மா. இப்போது முறத்தக்காவின் காலடியில் புரியாத எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே புளி, மிளகாய்த்தூள், கல் உப்பு. கொல்லன் தெருவுக்கு ஊசி சுமந்து வந்த கதையாகிவிட்டது.

"உங்கம்மா ஒரு பை நிறைய தூக்கிட்டு வந்தாங்களே," என்று மருமகள் சிரித்தாள். "எல்லாம் இங்கயே கிடக்கு."

அப்போதுதான் மாமியாரிடமிருந்து அழைப்பு வந்தது. மகன் கையில் பருப்புப் பைகள். மருமகள் எடுத்தாள்.

"உப்பு நிறைஞ்சிருக்கும்மா," என்றாள் மாமியார். "மஞ்சத்தூள் நிறைஞ்சிருக்கு. அரிசியும் நிறைஞ்சிருக்கு. மாமாவுக்கு மாத்திரையும் நிறைஞ்சிருக்கு. அவன்கிட்ட மறக்காம சொல்லிடு."

"சரிங்க அத்தை."

வைத்துவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள். "என்னங்க, உப்பு நிறைஞ்சிருக்கு, அரிசி நிறைஞ்சிருக்குன்னு போன் பண்ணி சொல்றாங்க. எல்லாம் இருக்குன்னா நாம எதுக்கு இந்தக் காத்துல வந்தோம்?"

மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அட மக்கு! எங்க வீட்டுல நிறைஞ்சிருக்குன்னா சுத்தமா இல்லைன்னு அர்த்தம்."

"அப்போ நிஜமாவே நிறைஞ்சிருந்தா என்ன சொல்வாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

உப்பு எடுத்தான். மஞ்சள் எடுத்தான். அரிசி மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டான்.

"மாமாவுக்கு மாத்திரையும் நிறைஞ்சிருக்காம்."

"அது நிஜமாவே நிறைஞ்சிருக்கும்மா. டின் நிறைய நான்தானே வாங்கி அடைச்சேன்? அம்மா பழக்க தோஷத்துல அதையும் சேர்த்து ஒப்பிச்சிருப்பாங்க."

அப்பாவுக்குச் சளி பிடித்தால் இருக்கட்டும் என்று மருந்துப் பகுதியில் தொண்டை மிட்டாய் மட்டும் ஒரு பொட்டலம் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் பருப்புப் பையைக் கையில் ஏந்திக்கொண்டார். "வாம்மா முறத்தக்கா! உனக்கும் விமானம் ரத்தாயிடுச்சா?" என்று கேட்டு அதை மேசைமேல் தனக்கு எதிரே உட்கார வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் பையை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தாள். உப்பு. மஞ்சள். அரிசி. மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, மூடி வைத்தாள். பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

"ஏம்ப்பா, அது கிடைக்கலையா?"

பாருங்கள், அவளால் அப்போதும் வாய்விட்டு மாத்திரை இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். 'அது' என்றுதான் கேட்டாள். மகனுக்கோ, முந்தின நாள் அம்மா கறிவேப்பிலை கேட்டது நினைவுக்கு வந்தது.

"அது இங்க கிடைக்காதும்மா. நானும் கடை பூரா தேடிட்டேன். ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"அது இல்லாம எப்படிப்பா..."

"நாலு நாள் அது இல்லாம சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது. விடும்மா."

அவள் விட்டுவிட்டாள். படித்த பிள்ளை. மருத்துவரிடம் பேசியவன், டின்னை வாங்கிக் கொடுத்தவன், அவனே சொல்கிறான். வேற்று நாட்டில் சீட்டு இல்லாமல் மருந்து தர மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தனியாக இருக்கும்போது கணவரிடம் கேட்டாள். "அவனுக்குத் தெரியாததா?" என்றார் அவரும்.

காற்று அடங்கவில்லை. இன்று பறக்கும், நாளை பறக்கும் என்று நாட்கள் போயின. ஒரு காலை அவள் அவருக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் கேட்கிற டிக், டிக் மந்தமாக, துணிக்குள் சுற்றி வைத்த மாதிரி கேட்டது.

"என்னங்க, உங்க கடிகாரம் சத்தம் கம்மியா இருக்கு."

"கடல் இரையுது, அதான் கேக்கலை. காதுதான் உனக்கு சர்வீஸ் பண்ணணும்."

அன்று மதியம் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முறத்தக்காவின் பருப்பும் சோறும். மெக்கானிக் ஒரு வாய் போட்டுவிட்டு, "உப்பு" என்றார். மனைவி ஜாடியை நகர்த்தினாள். அவர் எடுக்கவில்லை. "உப்... உப்பு..." என்றார் மறுபடியும், குழந்தை பேசுகிற மாதிரி. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து மருமகள் சிரித்தாள். மகனும் சிரித்தான். அவருடைய வலது கை தட்டில், சோற்றின்மேல், தனக்குச் சம்பந்தமில்லாத பொருள் மாதிரி கிடந்தது. மனைவி அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் அது தொப்பென்று விழுந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் அவரைக் கிடத்தினார்கள். மருத்துவர் ஒரு பெண். வேகமாகப் பேசினாள், மகன் பதில் சொன்னான். அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மகன் தலையாட்டுவதும் மருத்துவர் முகம் சுருங்குவதும் மட்டும் தெரிந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடா கேக்கறாங்க?"

"மூளையில ரத்தக்கட்டு அடைச்சிருக்காம்மா. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை ஒழுங்கா எடுத்தாரான்னு கேக்கறாங்க. எடுத்திருந்தா கட்டியைக் கரைக்கற ஊசி போட முடியாதாம், உள்ளே ரத்தம் கசிஞ்சிடுமாம். எடுக்கலைன்னா, ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காம உடனே போடணுமாம். நான் சொல்லிட்டேன், தினமும் எடுக்கறாரு, மாத்திரை நிறைய இருக்குன்னு."

"நிறைஞ்சிருக்குடா," என்றாள் அம்மா.

"அதைத்தாம்மா சொன்னேன்."

"டேய்." அவள் அவன் கையை இறுகப் பிடித்தாள். "நிறைஞ்சிருக்கு."

மகன் எரிச்சலோடு திரும்பினான். அவள் கண்ணைப் பார்த்தான். அந்தக் கண் உப்பு ஜாடிக்கு முன்னால் நிற்கிற கண். பிறந்ததிலிருந்து அவன் பார்த்த கண்.

"அம்மா... தீர்ந்துபோச்சா?"

அவள் திரைப் பக்கம் பார்த்தாள்.

"டின் நிறைய வெச்சேனேம்மா?"

"புளி வெச்சேன்," என்றாள். "மிச்சத்தை வீட்டு அலமாரியில வெச்சேன். பத்திரமா இருக்குப்பா."

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ அதட்டலாகக் கேட்டாள். மகன் அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்தான். "வாயைத் திறந்து சொல்லும்மா! இருக்கா, இல்லையா? அவர் எடுத்தாரா, எடுக்கலையா? நான் தப்பா மாத்திச் சொல்லிட்டா ஊசியே அவரைக் கொன்னுடும்!"

திரை கொஞ்சம் விலகியிருந்தது. உள்ளே கட்டிலில் மெக்கானிக் கண் திறந்துதான் இருந்தார். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது கேட்க அந்த வார்த்தையைச் சொல்வது எப்படி? நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்று ஊரெல்லாம் சொல்லும். அவள் வாய் வெந்தது. மருமகள் முதுகைத் தடவி, "சொல்லுங்க அத்தை, சொல்லுங்க அத்தை" என்று கெஞ்சினாள். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நேரம் என்று அவர்கள் யாரும் பிறகு பேசிக்கொண்டதில்லை.

"இல்லை," என்றாள் அவள் கடைசியில். "தீர்ந்துபோச்சு. தீர்ந்து பல நாளாச்சு."

ஊசி போட்டார்கள். முடிந்ததையெல்லாம் செய்தார்கள். வெளியே நாற்காலி வரிசையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?" என்றான் மகன்.

"கேட்டேனேப்பா. கடையிலேர்ந்து நீ வந்தன்னிக்கு, அது கிடைக்கலையான்னு கேட்டேன். இங்க கிடைக்காது, நாலு நாள் இல்லாட்டி ஒண்ணும் ஆயிடாதுன்னு நீதானே சொன்னே?"

மகன் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தான். கறிவேப்பிலை என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மருமகளுக்குப் புரிந்துவிட்டது. அன்று கடையில் பக்கத்தில் நின்றவள் அவள்தானே.

மறுநாள் விடிந்ததும் மெக்கானிக்கின் நெஞ்சில் அந்தச் சத்தம் நின்றது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. விமானங்கள் பறக்க ஆரம்பித்திருந்தன.

பெட்டி கட்டும்போது மருமகள் மிச்சமிருந்த பருப்புப் பையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமியார் அதை வாங்கி அடுப்பு மேடையிலேயே வைத்தாள். நீல டின்னைக் கழுவித் துடைத்து மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்து காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். மகனும் மருமகளும் அவளைத் தனியே விட மனமில்லாமல் தங்கிவிட்டார்கள். ஒரு நாள் அவள் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே சொன்னாள்:

"அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன், அவரு கேட்டுட்டுப் போயிட்டாரு. என் வாய்தான்டா அவரைக் கொன்னுது."

"இல்லம்மா," என்றான் மகன். "நீ சொன்னதால இல்லம்மா. நீ..."

நிறுத்திக்கொண்டான். அந்த வாக்கியத்தை அவன் எப்படி முடிப்பான், சொல்லுங்கள். முடித்தால் அது அவள் நெஞ்சிலும் குத்தும், திரும்பி வந்து அவன் நெஞ்சிலும் குத்தும். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து அவள் எது தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு என்றும் சொல்வதில்லை, தீர்ந்துபோச்சு என்றும் சொல்வதில்லை. காலி ஜாடியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். இரண்டு நாள் உப்பில்லாமலேயே சமைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மருமகள் அடுப்படிக்குள் போய் ஜாடியைத் திறந்து பார்த்தாள். கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமியாருக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் தயங்கி, குரலை உயர்த்தினாள்.

"அத்தை, உப்பு நிறைஞ்சிருக்கு."

கிழவி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகன் ஆணியில் தொங்கிய பையை எடுத்தான். வாசல் வரை போனவன், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தான். அடுப்படிக்குள் போய் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தான். மஞ்சள் டப்பாவைத் திறந்தான். அரிசி டப்பாவைத் திறந்து, அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினான். நீல டின்னையும் திறந்தான். அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக மூடிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கடைக்குப் போனான்.